குதிரைத் தலை தெரிந்த நோட்டு

என்னிடம் கோடி கோடி டாலர் இருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு சுழி போட்ட ஒரே நோட்டு. கோடியைக் கோடியால் பெருக்கினால் வருகிற எண் அது. ஜிம்பாப்வே நாட்டு நோட்டு. முன்பக்கம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நிற்கும் பாறைகள், பின்பக்கம் ஓர் அருவியும் ஓர் எருமையும். நடுவில் ஒரு மடிப்பு. அந்த மடிப்பு அப்பா போட்டது. கப்பலிலிருந்து இறங்கும்போது இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் அறைகளைக் கழுவும் வேலை பார்த்தார். நிலக்கரி இறக்கி முடித்த கப்பலின் வயிற்றுக்குள் ஏணியில் இறங்கி, மிச்சத்தை வாரி, சுவரைக் கழுவிவிட்டு ஏறி வருவார்கள். கப்பல்காரர்கள் சில சமயம் சோப்பு தருவார்கள், சிகரெட் தருவார்கள், சில சமயம் அவரவர் நாட்டு நோட்டைத் தருவார்கள். முதன்முதலில் வந்த நோட்டை அப்பா வங்கிக்கே கொண்டு போயிருக்கிறார். கவுண்ட்டரில் இருந்தவர் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"எட்டாங் கிளாஸ் படிக்கேல்லா? இது எவ்வளவுன்னு வாசி."

யூகோஸ்லாவியா என்று ஒரு காலத்தில் இருந்த நாட்டின் நோட்டு. ஐந்துக்குப் பின்னால் பதினொரு சுழி. நான் விரல் வைத்து எண்ணி, "அம்பதாயிரம் கோடி" என்றேன். அப்பாவும் அக்காவும் என் வாயைப் பார்த்தார்கள். அக்கா பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. அம்மா செத்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு நாலு. அவள் இறால் உரிக்கப் போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வீட்டில் அத்தனை பெரிய எண்ணை வாசித்த முதல் ஆள் நான். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பைத்தியம்.

அப்பா கொண்டுவந்த நோட்டுகள் பழைய கல்யாண ஆல்பம் ஒன்றில் ஏறின. துருக்கி, உக்ரைன், வெனிசுலா, ருமேனியா. ஒரே நாடு, ஒரே முகம், நூறு, பிறகு பத்தாயிரம், பிறகு பத்து லட்சம் என்று சுழி மட்டும் கூடிக்கொண்டே போகும். நாணயம் அதிகம் கிடைக்காது. விலைவாசி தலைதெறிக்க ஓடுகிற நாட்டில் முதலில் காணாமல் போவது நாணயம்தான். ஒரு ரொட்டிக்கு ஒரு சாக்கு நாணயம் யார் சுமப்பார்கள்? உருக்கினால் கிடைக்கும் உலோகத்துக்கு அதைவிட அதிக விலை. என்னிடம் மொத்தம் ஆறு நாணயம்தான் இருந்தது. அவற்றைப் பஞ்சில் வைத்திருந்தேன்.

பி.காம். முடித்து ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் பத்திரங்கள் தயாரிக்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகு நானே கப்பல்காரர்களிடம் கேட்டு வாங்க ஆரம்பித்தேன். ஒருமுறை வெனிசுலாக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வந்தார். கேட்டதும் பையிலிருந்து ரப்பர் போட்ட ஒரு கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அவருடைய அம்மா வீடு கட்டச் சேர்த்த பணமாம். கடைசியில் அதற்கு ஒரு அட்டை முட்டை கூடக் கிடைக்கவில்லையாம். சொல்லும்போது அவர் சிரிக்கத்தான் செய்தார். நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நோட்டுகள் கசங்காமல் புத்தம் புதிதாக இருக்கின்றனவே என்று நினைத்தேன். அந்த அம்மாவை ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

அப்பா இறந்த பிறகு நானும் அக்காவும் அத்தானும் திரேஸ்புரத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். அத்தான் சங்கு குளிப்பவர். முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கி, மணலில் புதைந்த சங்கைத் தடவி எடுத்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கீழே இருக்கும்போதே சிலிண்டரில் காற்று தீர்ந்து சட்டென்று மேலே வந்துவிட்டார். ஆழத்திலிருந்து அப்படி ஏறினால் ரத்தத்துக்குள் காற்றுக் குமிழ் கட்டும். படகில் ஏறிய அரை மணி நேரத்தில் இடது கால் விழுந்தது, நாக்கு குழறியது. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். கால் பாதி திரும்பி வந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அக்காவிடம் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"இன்னொரு தடவை இறங்கினா, அது கடைசியா இருக்கலாம். ஒரு தடவைகூட வேண்டாம்மா."

அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அத்தானை ஐஸ் கம்பெனிக்கு அனுப்பினாள். அரைக் காலோடு ஐஸ் கட்டியை இழுக்கிறவருக்கு அரைக் கூலிதான் தந்தார்கள். அதனால் ஒரு பழைய குட்டியானை வண்டி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். அத்தான் கரையில் மீன் ஏற்றிப் பாளையங்கோட்டைச் சந்தைக்கு ஓட்டுவார், தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம். பைனான்ஸில் எடுக்க அவள் சம்மதிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் தவணை தவறிய வண்டியை ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறாள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரொக்கம் வேண்டும். இறால் உரித்த காசு, ஐஸ் கம்பெனிக் காசு, அவளுடைய ஒரே வளையல் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகியிருந்தது. ஆடிக் காற்று முடிந்து சங்குக் குளி ஆரம்பிப்பதற்குள் வண்டி வந்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. குளிக்க ஆள் கேட்டுப் படகுக்காரர் வந்தால், வாசலில் வண்டி நிற்க வேண்டும்.

தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், காலைப் பூசை முடிந்து வரும்போது வலை காயப்போட்டிருந்த இடத்தில் கூட்டம். நடுவில் குவைத் அண்ணாச்சி. எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர். குவைத்தில் பதினெட்டு வருஷம் டிரைவராக இருந்து திரும்பியவர். கையில் ஒரு கட்டு ஈராக் தினார், ஒவ்வொன்றும் இருபத்தைந்தாயிரம் தினார் நோட்டு. ஒன்றை ஐயாயிரம் ரூபாய்க்குத் தருகிறார்.

"குவைத்துல சண்டை வந்தப்ப அந்த ஊரு தினார கழிச்சிக் கட்டுனானுவ. அதப் பொறுக்கி வச்சவன் சண்டை முடிஞ்ச பெறவு மொதலாளி. நான் கண்ணால பாத்தேன். இப்ப ஈராக்கு தினாரு அதே எடத்துல நிக்கி. எண்ணெய் இருக்க நாடுலே! என்னைக்கும் படுத்தா கெடக்கும்?"

குவைத் தினார் ஒன்றுக்கு இருநூற்றைம்பது ரூபாய்க்கு மேல் என்பது எங்கள் கடற்கரையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். எத்தனை வீட்டுக் கூரை அந்தப் பணத்தில் காங்கிரீட் ஆயிற்று என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள். ஆனாலும் கள்ள நோட்டாக இருந்துவிட்டால்? அந்தச் சந்தேகத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் நான் வந்தேன். அக்காவோடு இறால் உரிக்கிற பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏளா, கம்ப்யூட்டர்காரி! இங்கன வா. இது அசலா கள்ளான்னு பாத்துச் சொல்லு."

"நானா?"

"பெறவு? எங்களுக்கு மீனு அழுவலா நல்லதான்னுதான் பாக்கத் தெரியும்."

எல்லோரும் சிரித்து வழிவிட்டார்கள். நான் நோட்டை வாங்கி இரண்டு விரலால் தடவினேன். பிறகு வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். வெள்ளையாக விட்டிருந்த இடத்தில் குதிரைத் தலை ஒன்று நிழலாகத் தெரிந்தது.

"இந்தா பாருங்க. குதிர தெரியுதா?"

"ஏ, ஆமா! மூக்கு தெரியுதுளா!"

"தள்ளுட்டி, நானும் பாக்கேன்."

"நோட்டுக்குள்ள கோடு மாதிரி ஒரு நூல் ஓடுது பாருங்க. கள்ள நோட்டுல இதெல்லாம் இப்படி வராது. இது அசல்தான்."

அலுவலகத்தில் கப்பல் பத்திரத்தைச் சரிபார்க்கும்போது பேசுகிற குரலில் பேசினேன். தலை நரைத்த ஆண்கள், என் அப்பாவோடு கப்பலுக்குள் இறங்கினவர்கள், வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அசல் நோட்டு என்பது வேறு, அது ஏறும் என்பது வேறு. என் ஆல்பத்தில் இருந்த ஒவ்வொரு நோட்டும் அசல்தான். ஆனால் என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"ஒங்கப்பன் கொண்டாந்தானே, கோடி கோடின்னு ஒரு செத்த நோட்டு. அது இப்ப என்ன வெல போவும்?"

அதற்கு முந்தின மாதம்தான் மதுரையில் ஒரு நாணயக் கடைக்காரருக்கு அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். மடிப்பு இருப்பதால் நாலாயிரம் தருவேன் என்று எழுதியிருந்தார். அப்பா மடித்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். நாலாயிரம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"இருபதாயிரம்" என்றேன்.

"எம்மாடி! ஓசியில வந்த காயிதம் இருபதாயிரமா?"

குவைத் அண்ணாச்சி கையைத் தட்டினார். "கேட்டுக்கிட்டீங்களா? நான் சொல்லல. படிச்ச புள்ள சொல்லுது. செத்த காசே இந்த வெல. இது உசுரோட இருக்க காசு!"

அவர் ஏமாற்றுக்காரர் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. அவர் பெட்டியில் அதைப்போல் பத்துக் கட்டு இருக்கிறது. ஊரில் இருந்த மனையை விற்று வாங்கியது.

வீட்டுக்குப் போகிற வழியில் போனில் பார்த்தேன். இருபத்தைந்தாயிரம் தினார் அன்றைய விலையில் ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்குச் சற்று மேல். அவர் மூன்று மடங்கு விலை சொல்லியிருக்கிறார். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

சாயங்காலம் அக்கா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஏளா, நம்ம பணத்துக்கு அத வாங்கிப் போடலாமா? எழுவதாயிரம் கொறையுது. கொஞ்சம் ஏறினாக்கூடப் போதும். வண்டி எடுத்துரலாம்."

இந்த இடத்தைத்தான் நான் மறுபடி மறுபடி நினைக்கிறேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் நாலாயிரத்தைச் சொல்ல வேண்டும். விடிந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நாலு வயதில் இருந்து என்னைச் சுமந்தவளின் முகத்தைப் பார்க்காமல், "ஒன் இஷ்டம்" என்றேன்.

அவள் இருபத்திரண்டு நோட்டு வாங்கினாள். தெருவில் இன்னும் எட்டு வீட்டார் ஒன்றும் இரண்டுமாக வாங்கினார்கள். அக்கா நோட்டுகளை என் ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களில் வைக்கச் சொன்னாள். மடிப்பு விழக்கூடாது என்று நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்தாள்.

அதன்பிறகு தினமும் காலையில் அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் தினார் விலை பார்ப்பேன். அசையவில்லை. ஒரு நாள் பத்து ரூபாய் ஏறும், மறுநாள் இறங்கும். வீட்டுக்கு வந்தால் அக்கா கண்ணால் கேட்பாள். "இன்னும் இல்ல" என்பேன். "வரும்" என்பாள். ஆனி போயிற்று. ஆடிக் காற்று வந்து புழுதியைக் கிளப்பிவிட்டு அடங்கிற்று. ஆவணியில் ஒருநாள் படகுக்காரர் வாசலில் வந்து நின்றார். வாசல் காலியாகத்தான் இருந்தது.

"ஒரு ஆளு கொறையுது. ஒனக்குத் தெரியாத தொழிலா? ஆழத்துக்கு வேண்டாம், மேலாகப் பாத்து இறங்கு" என்றார்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

"தினாரு ஏறுற வரைக்கும்தான்" என்றார் அத்தான். விபத்துக்குப் பிறகு அவருக்கு ரகரம் சரியாக வராது. "ஏறிட்டுன்னா அன்னைக்கே நிறுத்திருவேன்."

அவர் முதல் நாள் போன காலையில் நான் வேலைக்குப் போகவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு ஏறாது. ஏறாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். என் நோட்டுக்குக் கேட்ட விலை நாலாயிரம், இருபதாயிரம் இல்லை. காயல்பட்டினத்தில் வளைகுடாவுக்குப் போய்வருகிற ஒருவர் ஒரு நோட்டுக்குத் தொள்ளாயிரம் தருவதாகச் சொல்கிறார், இப்போதே விற்றுவிடலாம், இனிமேல் அத்தானைப் போக விடாதே.

அவள் நம்பவில்லை. நான் எதிர்பார்க்காதது அதுதான். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப பொய் சொன்னியா, இப்ப பொய் சொல்லுதியா?"

"அப்ப."

"இல்ல. ஒங்கத்தான் கடலுக்குப் போறாவன்னு பயந்துக்கிட்டு இப்ப சொல்லுத. ஐயாயிரத்துக்கு வாங்கினதத் தொள்ளாயிரத்துக்குக் குடுக்கச் சொல்லுத. நாளைக்கு ஏறிட்டுன்னா? நீ அந்தக் காயிதத்த எத்தன வருஷம் பொத்திப் பொத்தி வச்சிருந்த? ஒன்ன யாராவது வித்துருன்னு சொன்னோமா?"

"அக்கா, அது விளையாட்டுக்கா."

"ஒனக்கு வெளையாட்டு."

ஒவ்வொரு நாளும் அத்தான் போய்க்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்குப் படகு. மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்குத் திரும்பும். அது திரும்பும் வரை நான் அலுவலகத்தில் சரக்குப் பட்டியல் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். எண்கள் கண்ணில் நிற்காது. ஒருநாள் ஒரு கன்டெய்னரின் எடையில் ஒரு சுழி கூடப் போட்டுவிட்டேன். மேலாளர் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டரை மணிக்கு அக்கா போன் அடிப்பாள். "வந்துட்டாவ" என்று ஒரு சொல். அதற்காகவே அந்தப் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்திருப்பேன். நிமிர்த்தி வைத்தால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

இரண்டாவது வாரத்தில் அத்தானின் இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. தம்ளர் கையில் நிற்கவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. காபி சிந்தியதை அக்கா பார்த்துவிட்டாள். மறுநாள் என்னிடம் வந்து, "மதுரைக்குப் போவோம். ஒன் நோட்ட என் கண்ணு முன்னால வில்லு. எவ்வளவு தாரான்னு நான் பாக்கணும்" என்றாள்.

பஸ்ஸில் ஆல்பத்தை அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். யாரும் இடிக்கக் கூடாது என்று இரண்டு கையாலும் மூடியிருந்தாள். மூன்று மணி நேரத்துக்கும் மேலே ஆயிற்று.

அது மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான கடை. கடைக்காரர் வயதானவர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டின கண்ணாடி. ஆல்பத்தைப் புரட்டினார். ஒவ்வொரு நோட்டையும் குறடு போன்ற ஒன்றால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். நான் பஞ்சில் வைத்திருந்த நாணயங்களைத் தட்டில் கொட்டினார்.

"பசை போட்டு ஒட்டியிருக்கீங்க பாருங்க. இது கறை. இது ஓரம் கிழிஞ்சிருக்கு. யூகோஸ்லாவியா, கிலோ கணக்குல வருது. வெனிசுலா, கேக்கவே வேண்டாம்." கோடி கோடி டாலரை வெளிச்சத்தில் பிடித்தார். "இது நீங்கதான் படம் அனுப்புனதா? நேர்ல பாத்தா மடிப்பு ஆழமா இருக்கேம்மா. மூவாயிரத்து இருநூறு. மத்ததையும் சேர்த்து மொத்தம் எட்டாயிரத்து நானூறு."

அக்கா குனிந்து அவரையே பார்த்தாள். "அந்த ஒரு நோட்டு இருபதாயிரம் போவாதா?"

"எந்தக் கடையில? சொல்லுங்க, நானும் போய் வித்துட்டு வாரேன்" என்று அவர் சிரித்தார்.

அக்கா கடைசிப் பக்கங்களைத் திருப்பினாள். தினார் நோட்டுகள் வரிசையாக, ஒரு மடிப்பு இல்லாமல் இருந்தன. கடைக்காரர் குறடை எடுக்கவே இல்லை.

"இத ஏன் இங்க கொண்டுவந்தீங்க? இது அந்த ஊர்ல இன்னைக்கும் கறிகாய் வாங்குற காசும்மா. நாங்க செத்த காசுதான் வாங்குவோம். இத மாத்துற இடத்துல குடுத்து மாத்திக்கங்க."

"ஏறாதா?"

"ஏறலாம். உங்க பேத்தி காலத்துல."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

எட்டாயிரத்து நானூறை எண்ணி வாங்கினேன். பதினொரு வருஷச் சேர்ப்பு. அதை விற்றதில் எனக்கு வருத்தம் வரவே இல்லை. அக்கா என்ன சொல்வாள் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. பஸ் எட்டயபுரம் தாண்டும் வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"நான் கேட்டன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. நான் யார்ட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்பது உண்மை.

அந்த வாரமே காயல்பட்டினத்தில் நோட்டுகளைக் கொடுத்தாள். இருபத்திரண்டுக்குப் பத்தொன்பதாயிரத்து எண்ணூறு. என் கம்மலை விற்று இருபத்தோராயிரத்து எண்ணூறு வந்தது. ஆல்பத்துக்கு வந்ததையும் சேர்த்தால் ஐம்பதாயிரம். குட்டியானைக்கு இன்னும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வலை காய்கிற இடத்தில் போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. நானே நின்று, என் நோட்டு மூவாயிரத்து இருநூறுக்குத்தான் போயிற்று, அன்றைக்கு நான் சொன்னது பொய், தினார் ஏறும் என்று நம்ப வேண்டாம், காயல்பட்டினத்தில் தொள்ளாயிரம் தருகிறார்கள் என்று சொன்னேன்.

"அப்ப குதிர?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "குதிரையக் காட்டினியே?"

"குதிர நெசந்தான் பெரியப்பா."

"குதிர நெசம், நீதான் பொய்யி" என்றாள் இறால் உரிக்கிற அதே பெண். அவள் இரண்டு நோட்டு வாங்கியிருந்தாள். "படிச்சவன்னு ஒன்னக் கூப்பிட்டேனே, எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

குவைத் அண்ணாச்சி மட்டும் என்னைத் திட்டவில்லை. "புள்ள பயந்துட்டா. அவ அத்தான் கடலுக்குப் போறாம்லா, அதான் இப்படிப் பேசுதா. நீங்க வச்சிருங்க. வரும்" என்றார். நாலு வீட்டார் அவர் பேச்சைக் கேட்டு இன்றும் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் விற்றார்கள். யாரும் என்னிடம் பேசுவதில்லை. அலுவலகத்துக்குப் போகும்போது எதிரில் வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். இரண்டு மணி ஆயிற்று, இரண்டே முக்கால் ஆயிற்று. மற்றப் படகுகள் வந்து, சங்கை எண்ணிப் போட்டுவிட்டார்கள். அக்கா ஐஸ் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததை அவள் பார்த்தாள், மறுபடி கடலைப் பார்த்தாள். மூன்று மணிக்கு அத்தானின் படகு வந்தது. அவர் பலகையைப் பிடித்து, நல்ல காலை முதலில் தண்ணீரில் வைத்து, மற்றக் காலை இழுத்துக்கொண்டு கரையேறினார். அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். இரண்டு விரலில் உணர்வு இல்லை.

"நாளைக்குப் போவாண்டாம்" என்றாள்.

"போவாட்டி?"

ஐஸ் கம்பெனியில் அந்தக் கையைப் பார்த்தால் அரைக் கூலிகூடத் தரமாட்டார்கள். மணலில் உட்கார்ந்து, சங்கு குளிக்கிற கண்ணாடியைக் கழற்றிய அத்தான் என்னைப் பார்த்தார். அவருக்கு என்மேல் கோபம் இருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஏளா, நீ படிச்சவல்லா. செலவு போவ ஒரு நாளைக்கு அறுநூத்தம்பது மிச்சம் நிக்கி. மாசத்துக்கு இருவத்தஞ்சு நாளு போவலாம். இன்னும் எத்தன நாளு எறங்கணும், கணக்குப் போட்டுச் சொல்லு."

என் சம்பளத்தில் மாதம் ஐயாயிரம் போடுகிறேன் என்றேன். அதையும் சேர்த்துக்கொள் என்றார். நான் மனதுக்குள் வகுத்தேன். விடை வந்தது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குறைத்துச் சொல்ல நாக்கு ஒரு நிமிஷம் துடித்தது. நூறு என்று சொன்னால் அவள் இன்றைக்குத் தூங்குவாள்.

"நூத்தியம்பத்தி மூணு நாளு" என்றேன்.

ஒரு தடவைகூட வேண்டாம் என்று டாக்டர் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அக்கா அவருடைய விரலை விடவில்லை. அத்தான் கண்ணாடியில் ஒட்டியிருந்த மணலைக் கட்டைவிரலால் வழித்துவிட்டார்.

"இன்னைக்கு ஒண்ணு போயிட்டுல்லா" என்றார். "அதக் கழிச்சிச் சொல்லு."